இடப்பக்கம் காய், வலப்பக்கம் கறி

உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான். சொல்லிக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. ஜசிந்தாவின் காதில் மட்டும் அது நிற்கவில்லை, மிக்ஸியை அணைத்த பிறகும் தலைக்குள் ஓடுகிற இரைச்சல் மாதிரி. மொட்டைமாடி, தலைக்கு மேல் பச்சை வலை, எதிரே மகன் நிர்மல் வாங்கி வைத்திருக்கும் அகலமான இரும்புக் கல், நாலு கால், அடியில் சிலிண்டர். அவன் அதை கிரிடில் என்பான். பரோட்டாக் கடைக் கல்லுக்குக் கால் முளைத்து இங்கிலீஷ் பேச வந்தால் கிரிடில் என்று போன வாரம்தான் தங்கையிடம் போனில் நக்கலடித்திருந்தாள். அந்த வாய்தான் இன்றைக்கும் பேசியது. சகாயராணி மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, ஒரு துணிப்பை நிறையக் கொய்யாப்பழத்தை நீட்டி, "வீட்டு மரத்துல பறிச்சது சம்பந்திம்மா" என்றாள். நிர்மல் கட்டப்போகிற பெண்ணின் அம்மா. செங்கல்பட்டில் நர்ஸாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை, ஒரே பெண் மெர்லின். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம். அதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒரு தடவை சேர்ந்து சாப்பிடலாம் என்பது ஜசிந்தாவின் யோசனைதான். கொய்யாவை வாங்கிக்கொண்டு அதோடு வாயை மூடியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலப் போயிருக்கும். மூடவில்லை. தட்டில் சிவப்பாக, கனமாக, பட்டை பட்டையாகக் கிடந்ததைக் காட்டி, என்னமோ பரிசு கொடுப்பவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல மாட்டுக்கறி பழக்கமே கிடையாது சம்பந்தி. இன்னிக்கு உங்களுக்காகவே வாங்கிட்டு வரச் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான்" என்றாள். சகாயராணி தட்டைப் பார்த்தாள். பிறகு ஜசிந்தாவைப் பார்த்தாள், நோயாளியின் வாயிலிருந்து எடுத்த தெர்மாமீட்டரைப் பார்க்கிற நிதானத்தில். "நான் சாப்பிடறதில்லீங்க. எனக்குக் காய் மட்டும் தனியா வதக்கிக் குடுங்க, போதும்." அவ்வளவுதான். கோபம் இல்லை, முகம் சுருங்கவில்லை. சம்பந்திம்மா மட்டும் அந்தப் பேச்சில் இல்லை.

பிடிக்குமேன்னு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நிர்மல் வியாழக்கிழமையே கேட்டான். "சிக்கன் போதுமே மம்மி, எதுக்கு பீஃப்?" "அவங்களுக்குப் பிடிக்கும்டா." "யாரு சொன்னா?" "இதெல்லாம் யாராவது சொல்லணுமா?" அவன் என்னமோ கேட்க வந்து விழுங்கிக்கொண்டு போனான். பிள்ளை விழுங்கியதை அம்மா கவனித்தாள், கவனித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது எடுத்தாலும் ஒரு யோசனை என்று ஒதுக்கிவிட்டாள். இப்போது புரிகிறது அவன் எதை விழுங்கினான் என்று. அவள் புருஷன் அல்போன்ஸின் ஊர்க் கோயிலில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் உண்டு, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள். இந்தப் பக்கம் அல்போன்ஸின் ஜாதிக்காரர்கள், அந்தப் பக்கம் சகாயராணியின் ஜாதிக்காரர்கள், செத்தும் சேராதவர்கள். மெர்லினைக் கட்டுவேன் என்று நிர்மல் சொன்னபோது அல்போன்ஸ் எட்டு மாதம் மகனோடு பேசவில்லை. எட்டு மாதமும் சண்டை போட்டவள் ஜசிந்தா. "கோயில்ல ஒரே அப்பத்தைத்தானே எல்லாரும் நாக்குல வாங்கறீங்க, அப்ப தெரியாத ஜாதி வீட்டுக்கு வந்ததும் எப்படித் தெரியுது" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவள். அதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டாள், தங்கையிடம், பங்குக் கோயில் பெண்களிடம், பக்கத்து ஃப்ளாட் மாமியிடம்கூட: நான் அதெல்லாம் பாக்கற ஆளில்லப்பா. பார்க்காத ஆள்தான் பார்த்திருக்கிறாள். பேர், தெரு, ஜாதி எல்லாவற்றையும் பார்த்து, இதற்கு இந்தக் கறிதான் என்று முடிவுகட்டி ஒரு கிலோ வாங்க ஆள் அனுப்பியிருக்கிறாள். என்ன சாப்பிடுவீங்க என்று ஒரு போன் போட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் வீட்டில் கொய்யா மரம் இருக்கும் என்று தோன்றியதா? அந்தப் பெண்ணைப் பற்றி இவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. அல்போன்ஸாவது வெள்ளையடித்த சுவரைச் சுவர் என்றே சொல்கிற மனுஷன். இவள் அதைத் தட்டில் வைத்து, கொத்தமல்லி தூவி நீட்டினாள்.

"குடுங்க அதை, சும்மா உக்காந்திருக்க எனக்கு வராது" என்று சகாயராணி காய்த் தட்டை இழுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து குடைமிளகாயை ஒரே அகலத்தில், பேண்டேஜ் கிழிக்கிற மாதிரி, நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசவில்லை. பேசாதவர்களைக் கண்டால் ஜசிந்தாவுக்குப் பொறுக்காது. பேசாதவர்கள் எப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கல் சூடாகட்டும் என்று அடுப்பைத் திருகிவிட்டு, கறியைப் பலகையில் போட்டாள். நிர்மல்தான் சமைப்பதாக இருந்தது. ஸ்டீக்கை மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸும் பூண்டும் மிளகும் போட்டு, பெரிய தீயில் காயோடு வதக்குவது என்று போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ முடிக்கிறதுக்குள்ள நிச்சயதார்த்தமே முடிஞ்சிரும், தள்ளு" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "கல்லு சாய்ஞ்சிருக்கு மம்மி, தண்ணி ஓடறதுக்குத் தரையைச் சரிவாப் போட்டிருக்காங்க, இரு, காலுக்கு அட்டை வெச்சிடறேன்." "அட்டையும் வேணாம் மட்டையும் வேணாம், போய் ஐஸ் வாங்கிட்டு வா." அவனும் மெர்லினும் போனார்கள். கறியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவள் பார்க்கவேயில்லை. கை பார்த்துக்கொண்டது. பலகையை அரைத் திருப்பு திருப்பி, நாருக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்து, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். நாலு துண்டு விழுந்த பிறகுதான் தன் கையைத் தானே பார்த்தாள். முப்பது வருஷமாக இந்தக் கறியைத் தொடாத கை, எதையும் மறக்கவில்லை. பழக்கமே கிடையாது என்றாளே, அந்தப் பொய்யில் அவளே பாதி நம்பிக்கை வைத்திருந்தாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், முதல் பூசை முடிந்ததும் அப்பா சைக்கிளை எடுப்பார், திரும்பி வரும்போது துணிப்பையில் மேலாக இரண்டு கட்டு அரைக்கீரை இருக்கும், கீரைக்கு அடியில் செய்தித்தாள், அதற்கடியில் இது. அம்மா முன்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு இரும்புச் சட்டியைப் பரண்மேலிருந்து இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இறங்குகிற சட்டி. தேங்காய்க் கீற்று, மிளகு, கொஞ்சம் வினிகர். பக்கத்து வீட்டில் கேட்டால் மட்டன். ஜசிந்தா திங்கட்கிழமை கான்வென்டுக்குக் கொண்டுபோகும் டப்பாவிலும் மட்டன். அல்போன்ஸ் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது மாமியார் காப்பியை வாயில் வைக்கும் முன்பே கேட்டாள், வீட்டுல பெரிய கறி உண்டா? அம்மா, "சேச்சே, அந்தப் பேச்சே கிடையாதுங்க" என்றாள், கண் இமைக்காமல். முந்தின நாளே சட்டியை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. பரணில் அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும்.

"எங்க பரம்பரையிலயே இது வாசப்படி ஏறினதில்லீங்க" என்றார் அல்போன்ஸ். தண்ணீர்த் தொட்டி நிழலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவர், விருந்தாளியோடு நாலு வார்த்தை பேசவேண்டுமே என்று பேப்பரை மடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். திறந்திருக்கவே வேண்டாம். "இவ வீட்டுலயும் அப்படித்தான். அதைப் பாத்துத்தான் பொண்ணெடுத்தோம். இன்னிக்கு என்னமோ, பிள்ளைங்களுக்காக." "அப்படீங்களா" என்றாள் சகாயராணி. கத்தி நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அப்ப இதை யாரு சாப்பிடப் போறா?" என்று கேட்டாள். "பிள்ளைங்கதான்." "ரெண்டு பேரா? ஒரு கிலோவையா?" அல்போன்ஸ் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். ஜசிந்தாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே காரமாக நின்றது. வேறொரு நாளாக இருந்தால் இவளைப் பிடித்துப்போயிருக்கும். என்ன ஒரு பெண்பிள்ளை, ஊசி குத்தினது தெரியாமல் குத்துகிறாளே என்று தங்கைக்குப் போன் போட்டிருப்பாள். இப்போது ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்கவேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. ஒத்துக்காதா, டாக்டர் சொன்னாரா, நேர்த்திக்கடனா, இல்லை, இவளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சீ. மறுபடி பார் புத்தியை. ஒருத்திக்கு ஒன்று பிடிக்காது. அதற்குக் காரணம் கேட்க ஜசிந்தா யார்? தனக்குப் பாகற்காய் பிடிக்காதே, யாராவது ஜாதி கேட்டார்களா? கான்வென்டில் சிஸ்டர் தினமும் சாயங்காலம் ஆத்தும சோதனைக்கு இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள், கண்ணை மூடி, இன்றைக்கு என்ன தப்பு செய்தேன் என்று. ஜசிந்தாவுக்கு அரை நிமிஷம் போதும். கோபப்பட்டேன், தங்கச்சியைக் கிள்ளினேன், முடிந்தது. மீதி ஒன்றரை நிமிஷம் ஒரு கண்ணைத் திறந்து மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று. அந்த மீதி எல்லாம் சேர்ந்து இன்றைக்கு, வெயிலில், இந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறது போலிருக்கிறது.

கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள், முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெய். வலப்பக்கம் கறி, விழுந்ததும் சீறியது, புகை முகத்தில் அடித்தது, அந்த வாசனை, சூடான இரும்பும் கறியும் மிளகும், முப்பது வருஷத்தைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தது. வாயில் நீர் ஊறியது. வெட்கமில்லாத வாய், எச்சிலுக்கு எந்தப் பரம்பரையும் தெரிவதில்லை. இடப்பக்கம் காய்க்குத் தனிக் கரண்டி: வெங்காயம், கேரட், பீன்ஸ், சகாயராணி நறுக்கிக் கொடுத்த குடைமிளகாய், கடைசியில் காளான். காளானை நிர்மல்தான் வாங்கியிருந்தான். காளான் வேண்டாம் என்று அவனிடம் சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. அதாவது, சொல்லக்கூடிய காரணம். அம்மாவின் கடைசி நாலு மாதம் ஜசிந்தா வீட்டில்தான். சோறு இறங்கவில்லை, கஞ்சி, பால், அதுவும் பாதி. ஒருநாள் மத்தியானம், அல்போன்ஸ் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு துண்டுடி, நம்ம ஞாயித்துக்கிழமை கறி, மென்னு சாறை மட்டும் முழுங்கிட்டுத் துப்பிடறேன்" என்றாள். இரண்டு தெரு தள்ளிக் கடை இருந்தது. போய்வரப் பத்து நிமிஷம். ஜசிந்தா போகவில்லை. மாமியார் அப்போது உயிரோடு இருந்தாள், அடுத்த அறையில், மூக்கோடு. வாசனை வந்தால், பாத்திரத்தைப் பார்த்தால், பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா சொன்ன சேச்சே என்ன ஆகும்? காளான் வாங்கி வந்தாள். தேங்காய்க் கீற்று, மிளகு, வினிகர் எல்லாம் போட்டு, கருக வதக்கி, "இந்தாம்மா, நீ கேட்டது" என்று ஊட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். துப்பவில்லை. "நல்லாயிருக்குடி" என்றாள். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டதற்கு, போதும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெரிந்திருக்காது என்று ஜசிந்தா அன்றைக்கு முடிவு செய்தாள். ருசி போன நாக்கு, காய்ச்சல், மருந்து, தெரிந்திருக்காது. அந்த முடிவைத் தினமும் புதுசாகச் செய்யவேண்டியிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, பொய்கள் சொன்னேன் சாமி, என்று பன்மையில் அடக்கிவிட்டாள்.

சகாயராணி கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு எழுந்து போயிருந்தாள். கறியைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜசிந்தா பார்த்தாள். கறியிலிருந்து கசிந்த சாறு, பழுப்பாக, எண்ணெயோடு மினுமினுத்து, கல்லின் நடுவைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு இடப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் போக வைத்த சரிவு. அட்டையும் வேணாம் மட்டையும் வேணாம். கேரட்டுக்கு அடியில் போயிற்று, வெங்காயத்தைச் சுற்றிக்கொண்டு, காளானில் போய் நின்றது. நின்றது என்ன, காளான் அதைக் குடித்துக்கொண்டிருந்தது, ஓரத்திலிருந்து கருப்பாகி, பஞ்சு மாதிரி. கரண்டியால் தடுத்தாள். மிச்சம் கரண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்கவில்லை. அல்போன்ஸ் பேப்பருக்குப் பின்னால். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. மேலே கொஞ்சம் சோயா சாஸ் ஊற்றிக் கிளறினால் எல்லாம் ஒரே நிறம். சாப்பிடுகிறவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும், விஷமா, ஒருவேளை வயிற்றைப் புரட்டும், ஒருவேளை ஒன்றும் ஆகாது, விருந்து கெடாமல் முடியும், மறுபடி ஒரு தடவை அவள் முன்னால் மாட்டுக்கறி என்ற வார்த்தையை எடுக்கவேண்டியிருக்காது. இவ்வளவும் ஒரு புரட்டு புரட்டுகிற நேரத்தில் அவளுக்குள் ஓடி முடிந்தது, எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பழகின பாதையில். கை சோயா சாஸ் பாட்டிலுக்கு நீண்டுவிட்டிருந்தது. அதே கை. அன்றைக்கு இல்லாததை இருக்கிறது என்று ஊட்டிய கை, இன்றைக்கு இருக்கிறதை இல்லை என்று ஊட்டப் போகிறது. வாசனை அவளைச் சுற்றி நின்றது. அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. இப்போது, இந்த வாசனைக்கு முன்னால், அதை வேறு எப்படியும் நினைக்க முடியவில்லை. முதல் மெல்லலிலேயே தெரிந்திருக்கும். மீதி நேரம் முழுக்க அம்மா மென்றது மகளின் பொய்யை, துப்பினால் மகளுக்கு அவமானம் என்று விழுங்கியும்விட்டாள்.

"ஆயிடுச்சுங்களா?" சகாயராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டோடு வந்து நின்றாள். ஜசிந்தா பாட்டிலைக் கீழே வைத்தாள். "இதை நீங்க சாப்பிட வேணாம்" என்றாள். "கறித் தண்ணி காயில இறங்கிடுச்சு. கல்லு சாய்ஞ்சிருக்கு. பையன் அட்டை வெக்கறேன்னு சொன்னான், நான்தான் கேக்கல." பேப்பருக்குப் பின்னாலிருந்து அல்போன்ஸ், "அட, கொஞ்சூண்டு பட்டா என்ன ஜெசி, அவங்களுக்கென்ன புதுசா" என்றார், பெருந்தன்மையாக. அது வந்து விழுந்தது. அவள் இவ்வளவு நேரமாகக் காதுக்குள் சுமந்துகொண்டிருந்த அதே வாக்கியம், சர்க்கரை தடவாமல், வேறொரு வாயிலிருந்து. வெளியிலிருந்து கேட்கும்போது அது இப்படித்தான் இருக்கிறதா. முகம் எரிந்தது, கல்லைவிட. சகாயராணியின் பக்கம் திரும்ப முடியவில்லை. "அவங்களுக்குப் புதுசுதான்" என்றாள் ஜசிந்தா, கல்லைப் பார்த்துக்கொண்டே. "எனக்குத்தான் புதுசில்ல." ஒரு கறித்துண்டை விரலால் எடுத்தாள், சுட்டது, வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடவில்லை. "எங்கப்பா ஞாயித்துக்கிழமை தவறாம வாங்கிட்டு வருவாரு. கீரைக்கட்டுக்கு அடியில வெச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா உங்கம்மாகிட்ட சொன்னது பொய். முப்பது வருஷமா நான் சொல்றதும் பொய்." பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது, அதற்குப் பின்னால் இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை, அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. சாறு குடித்த காளானில் ஒன்றை எடுத்து அதையும் போட்டுக்கொண்டாள். கிட்டத்தட்ட. கிட்டத்தட்ட அதே ருசி. ஆனால் பல்லுக்குத் தெரிந்துவிடுகிறது.

"நீங்க வெட்டறதைப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றாள் சகாயராணி. "பழக்கமில்லாத கை நாரைப் பாத்து வெட்டாது." ஜசிந்தா திரும்பினாள். "சம்பந்தி, நான் அப்ப, நீங்க வந்ததும், சொன்னது..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கான்வென்ட் இங்கிலீஷிலும் வரவில்லை, வீட்டுத் தமிழிலும் வரவில்லை, ஊரையே வாயால் வளைக்கிறவளுக்கு. சகாயராணி காத்திருந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்றும் சொல்லவில்லை. வார்த்தை வராது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காய்ப் பையிலிருந்து புதிதாக ஒரு குடைமிளகாயை எடுத்து, தட்டிப் பார்த்தாள். "காதுல விழுந்தது விழுந்ததுதான்" என்றாள். "மொதல்ல அந்தக் காலுக்கு அட்டை வைங்க. அப்புறம் கல்லை நல்லா அழுத்தித் தொடைங்க சம்பந்திம்மா, பிசுக்கு நிக்குது." ஜசிந்தா அடுப்பை அணைத்தாள். முழங்கால் தரையில் படக் குனிந்து, கொதிக்கிற சிமெண்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த அட்டையை நாலாக மடித்து இடப்பக்கக் காலுக்கு அடியில் தள்ளினாள். போதவில்லை. இன்னொரு மடிப்பு மடித்தாள். தலைக்கு மேலே கத்தி தட்டில் விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது, ஒரே சீராக, அவசரமே இல்லாமல்.